சுருதி எங்கே கலைகிறது?

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவை நம் சங்கத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் அடிபிடித்ததையும், ஒலிபெருக்கி இருமுறை ஊமையானதையும் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அன்றிரவு நடந்த இன்னொன்றைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை, பேசுவதும் இல்லை. முதலாண்டு மாணவி ஒருத்தி மேடையேறிப் பாடத் தொடங்கினாள். இரண்டாவது சரணத்தின் நடுவே பாட்டை நிறுத்தினாள். கைகூப்பிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று அவளுக்கு இடப்புறம் நின்று மின்கிதார் வாசித்தவன் நான். வலப்புறம் புல்லாங்குழல் வாசித்தவர் இயற்பியல் துறை நண்பர். விழா முடிந்தபின் அந்தப் பெண் என்னைத் தேடி வந்து, “மன்னிச்சிடுங்க அண்ணா. சுருதி விட்டுப் போச்சு. என் தப்புதான். இனிமே மேடையில பாட மாட்டேன்” என்றாள். நானும் பெரிய மனிதன்போல, “பரவாயில்லைம்மா, முதல் மேடை அப்படித்தான் இருக்கும்” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நான்கு நாள் கழித்து என் அறைத்தோழன், தன் கைப்பேசியில் பதிவு செய்திருந்த அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினான். அவள் நிறுத்திய பிறகும் இரண்டு வினாடி என் மூன்றாம் தந்தி மட்டும் தனியே ஒலித்துக்கொண்டிருந்தது. அதனடியில் சுருதிப்பெட்டியின் ஒலி மெல்லக் கேட்டது. அந்த இரண்டு வினாடியைச் சுருதி காட்டும் ட்யூனரிடம் கொடுத்துப் பார்த்தேன். சுருதிப்பெட்டி தன் இடத்தில் இருந்தது. என் தந்தி ஏறத்தாழ 30 சென்ட் மேலே போயிருந்தது. முதல் சரணத்தில் அவள் குரலை நீட்டி நிறுத்திய இடங்களையும் பார்த்தேன். அவள் சுருதிப்பெட்டியோடுதான் நின்றிருந்தாள். சுருதி விட்டுப் போனது அவளுக்கு அன்று, எனக்கு.

சென்ட் என்றதும் நிலம் அளக்கும் சென்ட் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு ஸ்தாயியை 1,200 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட். கிதாரில் அடுத்தடுத்த இரண்டு சுரஸ்தானங்களுக்கு இடையே 100 சென்ட் இருக்கும். பழகிய காது ஐந்தாறு சென்ட் பிசகையே கண்டுகொள்ளும். 30 சென்ட் பிசகினால் இசை பயிலாதவரும் முகம் சுளிப்பார்.

இத்தனைக்கும் மேடையேறுமுன் நான் கருவியைச் சுருதி சேர்த்திருந்தேன். ஆறு தந்திகளையும் அறையில் உட்கார்ந்து, ட்யூனரின் பச்சை விளக்கு எரிய எரியச் சேர்த்தேன். அரை மணிக்குள் அந்தச் சுருதி எங்கே போயிற்று? கிதார் வாசிப்போர் பலரும் இக்கேள்விக்கு உடனே சொல்லும் பதில், “பிரடை நழுவுகிறது” என்பதே. வீணையில் அது உண்மையாக இருக்கலாம். அங்கே மரத்தில் மரம் பிடித்து நிற்கிறது. கிதாரின் பிரடையில் திருகும் பல்சக்கரமும் பூட்டியிருக்கும். கைப்பிடியைப் பதினான்கு, பதினைந்து முறை சுற்றினால்தான் தந்தி சுற்றிய தண்டு ஒருமுறை சுற்றும். நாம் திருகினால் தண்டு சுற்றும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் திருகு பின்னோக்கிச் சுற்றாது. ஆகவே பிரடை பெரும்பாலும் நிரபராதி. குற்றவாளியை வேறிடத்தில் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்று தெரிய, தந்தி எப்படி ஒலிக்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் இதற்கு விதி வகுத்தார். தந்தியின் சுருதியை மூன்று பொருள்கள் முடிவு செய்கின்றன: அதன் நீளம், அதன் கனம், அதன் இழுவிசை. நீளம் குறைந்தால் சுருதி ஏறும். கனம் கூடினால் இறங்கும். இழுவிசை கூடினால் ஏறும். கிதாரில் ஒலிக்கும் தந்தியின் நீளம் பெரும்பாலான வகைகளில் 63 முதல் 65 சென்டிமீட்டர் வரை. நீளமும் கனமும் ஒரு கச்சேரிக்குள் மாறிவிடப் போவதில்லை. மாறுவது இழுவிசைதான். எனவே கிதாரின் சுருதி கலைந்தது என்றால், எங்கோ ஓரிடத்தில் இழுவிசை கூடியது அல்லது குறைந்தது என்றே பொருள். அந்த இடங்களை அறிந்து வைத்திருப்பதே சுருதி காக்கும் வித்தை.

கிதாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனப்படும். வினாடிக்கு முறையே சுமார் 82, 110, 147, 196, 247, 330 முறை அதிர்கின்றன. மின்கிதாரில் பலரும் பூட்டும் மெல்லிய தந்திக் கட்டில் முதல் தந்தியின் பருமன் கால் மில்லிமீட்டர்தான். ஆனால் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 47 கிலோ. விடுதிச் சாப்பாட்டில் இளைத்த மாணவன் ஒருவன் இராப்பகலாகக் கிதாரின் கழுத்தைப் பிடித்துத் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். எஃகுத் தந்தியும் ரப்பரைப்போல நீளக்கூடியதே. மிகமிகச் சிறிதாக நீளும், அவ்வளவுதான். முதல் தந்தியைச் சுருதிக்கு முறுக்கும்போது அது சுமார் நாலரை மில்லிமீட்டர் நீள்கிறது. மூன்றாவதான ஜி தந்தியோ, வெறும் எஃகுக் கம்பியாக இருக்கும்போது, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே நீள்கிறது. அது தடித்தது, இழுவிசையோ முதல் தந்திக்கு உள்ள அளவே. இதனால் என்ன? தலைமயிரின் பருமனில் கால்பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தந்தி எங்காவது நழுவியது என்று கொள்வோம். முதல் தந்தியில் அதனால் நாலு சென்ட் பிசகும்; யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே நழுவல் மூன்றாம் தந்தியில் பதினொரு சென்ட் பிசகாகும். அருகில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். மின்கிதார் வாசிப்போர் எல்லாரும் “இந்த ஜி தந்தி சனியன் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்று புலம்புவதன் காரணம் இதுதான். தந்தியிடம் குறையில்லை. குறைவாக நீண்ட தந்தி, சிறு மாறுதலுக்கும் பெரிதாக அசைகிறது.

பொங்கல் இரவுக்குத் திரும்புவோம். தை மாதத்து வடநாட்டுக் குளிர் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சுருதி சேர்த்தது ஹீட்டர் எரிந்த அறையில். வாசித்தது திறந்தவெளி மேடையில். இரண்டுக்கும் இடையே பத்து டிகிரிக்குக் குறையாத வேறுபாடு இருந்திருக்கும். குளிர்ந்தால் எஃகு சுருங்கும். இரு முனையும் கட்டியிருக்கும் தந்தி சுருங்க முடியாமல், அதன் இழுவிசை கூடுகிறது. கழுத்தும் உடலும் அசையாமல் நிற்பதாக வைத்துக் கணக்கிட்டால், பத்து டிகிரி குளிரில் முதல் தந்தி சுமார் 15 சென்ட் ஏறும். மூன்றாம் தந்தி சுமார் 40 சென்ட் ஏறும். நடைமுறையில் கழுத்து சிறிது வளைந்து கொடுப்பதாலும், கை பட்டுத் தந்தி கதகதப்பாவதாலும் இது குறையும். பதிவில் நான் கண்ட 30 சென்ட் இக்கணக்குக்குப் பொருத்தமாகவே இருந்தது. மெல்லிய தந்தி நிமிடத்தில் குளிர்ந்துவிடும். மரம் மெதுவாகவே குளிரும். ஆகவே முதல் பாட்டுக்குள்ளேயே ஏற்றம் முழுவதும் வந்துவிட்டது.

அதற்குமேல் புல்லாங்குழல் ஒன்று இருந்ததல்லவா? குழலுக்குள் அதிர்வது காற்று. காற்றுக் குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும். குழலின் சுருதி இறங்கும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 30 சென்ட். ஊதுபவரின் மூச்சுச் சூடு அதை ஓரளவு ஈடுசெய்யும், முழுவதும் செய்யாது. ஆக, அந்தப் பெண்ணின் இடக் காதில் ஏறிய கிதார். வலக் காதில் இறங்கிய குழல். சரியாக ஒலித்த சுருதிப்பெட்டியோ என் ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. ஒரு சரணம் வரை அவள் தாக்குப் பிடித்ததே பெரிது.

குளிர் ஒரு காரணம். எஞ்சிய காரணங்களும் எல்லா நாளும் நம் கருவியிலேயே குடியிருக்கின்றன. அவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, புதுத் தந்தி. புதிதாகப் பூட்டிய தந்தி இரண்டு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். தந்தி நீண்டுகொண்டே போகிறது என்று சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. பிரடைத் தண்டில் சுற்றிய சுற்றுகள் தளர்வாக இருந்து, இழுப்பில் மெல்ல மெல்ல இறுகுகின்றன, அதனால்தான் இறக்கம். வழி எளிது. தண்டில் பத்துச் சுற்றுச் சுற்றாதீர்கள். இரண்டு மூன்று சுற்றுப் போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கிச் சீராக. பூட்டியபின் தந்தியை நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்து விடுங்கள், சுருதி இறங்கும், மறுபடி சேருங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், இரண்டு நாளில் நடக்க வேண்டியது பத்து நிமிடத்தில் நடந்துவிடும். மேடை நாளன்று காலையில் புதுத் தந்தி பூட்டுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, நட். திருகாணியோடு வரும் நட் அன்று. கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், ஆறு பள்ளங்களோடு குறுக்கே பதித்திருக்கும் சிறு துண்டைத்தான் கிதார்க்காரர் நட் என்பர். தந்தி பிரடையிலிருந்து இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் மெட்டுகளின் மேல் போகிறது. பள்ளம் இறுக்கமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் தந்தி அங்கே சிக்கிக்கொள்ளும். அப்போது தந்தியின் இரு பகுதிகளில் இருவேறு இழுவிசை இருக்கும். நாம் பிரடையைத் திருகுவோம், ட்யூனர் அசையாது. இன்னும் திருகுவோம்; ‘டிங்’ என்றொரு சத்தம் கேட்கும்; தந்தி ஒரேயடியாகத் தாவி மேலே போய்விடும். அல்லது வாசிக்கும்போது தந்தியை வளைத்து விடுவோம். தலைப்பக்கமிருந்து சிறிது தந்தி இப்பக்கம் நழுவி வந்து, திரும்பிப் போகாமல் நின்றுவிடும், சுருதி இறங்கிவிடும். என் அனுபவத்தில் பிரடையின் மேல் விழும் பழியில் பெரும்பங்கு இந்த நட்டுக்கே உரியது.

இதற்கு மருந்து நம் எல்லார் மேசையிலும் இருக்கிறது. மெல்லிய முனையுள்ள பென்சிலால் ஒவ்வொரு பள்ளத்திலும் நாலைந்து முறை தேய்த்துவிடுங்கள். பென்சிலின் கரி வழவழப்பானது. தந்தி தடையின்றி ஓடும். தந்தி மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம். முன்னைவிடத் தடித்த தந்தி போட்டு, பள்ளமே போதாமல் இருந்தால், பழகிய கைவினைஞரிடம் கொடுத்து அகலப்படுத்திக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை நானே அரத்தை எடுத்தேன். பள்ளம் ஆழமாகி, தந்தி முதல் மெட்டில் இடித்து உறுமத் தொடங்கிற்று. புது நட் வாங்கினேன்.

மூன்றாவது, சுருதி சேர்க்கும் முறை. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேருங்கள். மேலே போய்விட்டால் அங்கிருந்து இறக்கி நிறுத்தாதீர்கள்; வேண்டியதற்கும் கீழே கொண்டுபோய் மறுபடி ஏற்றுங்கள். பல்சக்கரத்துக்கும் திருகுக்கும் இடையே நூலளவு இடைவெளி உண்டு. இறக்கி நிறுத்தினால் அந்த இடைவெளி தளர்வாக நிற்கும். நட்டின் அப்புறத்துத் துண்டும் தளர்ந்து நிற்கும். இரண்டாவது பாட்டில் அந்தத் தளர்ச்சி இப்புறம் வந்து சேரும். ஏற்றி நிறுத்தினால் எல்லாம் ஒரே பக்கமாக இறுகி நிற்கும்.

நான்காவது, ட்ரெமலோ. சில கிதார்களில் குதிரையே அசையும். ஒரு கைப்பிடியை அழுத்தினால் குதிரை சாய்ந்து, ஆறு தந்திகளும் ஒருங்கே தளர்ந்து, சுருதி ஊஞ்சலாடும். 1954-இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் இவ்வகையைப் பரவலாக்கியது. முன்னே தந்திகள் இழுக்கின்றன. பின்னே உடலுக்குள் சுருள்வில்கள் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் குதிரை நிற்கிறது. தராசைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு தந்தியை ஏற்றினால் மற்ற ஐந்தும் சற்றே இறங்கும். ஒரு தந்தி அறுந்தால் வில்கள் வென்று, மிஞ்சிய ஐந்தும் ஏறிவிடும். இவ்வகைக் கருவியை ஒரே சுற்றில் சேர்க்க முடியாது; மூன்று நான்கு சுற்று வேண்டும். கைப்பிடி தேவையில்லாதவர், பின்மூடியைத் திறந்து, வில்களைப் பிடிக்கும் திருகுகளை இறுக்கி, குதிரையை உடலோடு அழுந்தச் செய்துவிடலாம். 1970-களின் இறுதியில் அமெரிக்கரான ஃபிளாய்டு ரோஸ் வேறொரு வழி கண்டார். நட்டிலும் குதிரையிலும் தந்தியை இருபுறமும் பூட்டிவிட்டார். நழுவ இடமிருந்தால்தானே நழுவும்? பிரடைக்குப் பெரும்பாலும் பழியில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அவர் பூட்டியது பிரடையை அன்று. தந்தி உராயும் இடங்களை.

ஐந்தாவது, சேணம். சும்மா மீட்டினால் சரியாக இருக்கும் தந்தி, மேல் மெட்டுகளில் அழுத்தினால் பிசகுவது உண்டு. நம் மொழியில் குதிரை என்ற பெயர் முன்னமே இருக்க, அதன்மேல் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு துண்டுக்குச் சேணம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 12-ஆம் மெட்டுக்கு நேரே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி விரலை எடுத்தால் மணிபோன்ற ஓர் ஒலி எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டியும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேணத்தைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்டுங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள். திருகுளி ஒன்று போதும். புதுத் தந்தி பூட்டிப் படிந்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். வியர்வையும் அழுக்கும் துருவும் ஏறிய பழைய தந்தி ஓரிடத்தில் கனத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். எந்தச் சேணமும் அதைத் திருத்தாது. வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது எவ்வளவோ மேல்.

ஆறாவது, நம் விரல். மெட்டைத் தொடும் அளவு அழுத்தினால் போதும். முரட்டுத்தனமாக அழுத்தினால் மெல்லிய தந்தி மரத்தை நோக்கி வளைந்து இழுவிசை கூடும். மேடைப் பதற்றத்தில் எல்லாரும் செய்வது இது. பாடுபவரின் சுருதிக்காகக் கழுத்தில் கேப்போ மாட்டுவோர் அதை மெட்டையொட்டியே மாட்டி, மாட்டியபின் ஒருமுறை சுருதி பார்க்க வேண்டும். அதுவும் ஆறு தந்தியையும் அழுத்தும் இரும்பு விரல்தானே?

நிற்க. சுருதியைப் பார்ப்பது எதைக் கொண்டு? இன்று கைப்பேசியிலேயே ட்யூனர் இருக்கிறது. ஆனால் அது ஒலிவாங்கியால் கேட்பது. மேடையருகில் தவில் முழங்கினால் அதற்குக் காது அடைத்துவிடும். தலையில் கவ்வும் ட்யூனர் மரத்தின் அதிர்வை உணர்வதால் சத்தத்துக்கு அஞ்சாது. வயர் வழியாக இணையும் ட்யூனர் அதனினும் நல்லது. தந்தியை மென்மையாக மீட்டுங்கள். ஓங்கி மீட்டினால் அந்தக் கணத்தில் இழுவிசை கூடி, முள் மேலே போய்ப் பின் இறங்கும்.

கருவி இல்லாதபோது காது இருக்கிறது. ஏறக்குறைய ஒத்த இரு ஒலிகள் சேர்ந்தால், ‘வவ்… வவ்…’ என்று ஓர் அலை எழும். ஒன்று 110, இன்னொன்று 112 என்றால் வினாடிக்கு இரண்டு அலை. சேரச் சேர அலை மெதுவாகி நின்றுவிடும். ஐந்தாம் மெட்டின் மணியொலியை அடுத்த தந்தியின் ஏழாம் மெட்டின் மணியொலியோடு இப்படிச் சேர்ப்பதைப் பலர் விரும்புவர். அதில் ஒரு சூழ்ச்சி உண்டு. அலையே இல்லாமல் சேர்த்தால் தந்திக்குத் தந்தி இரண்டு சென்ட் பிசகு சேர்ந்துகொண்டே போகும். கிதாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி அடித்தவை. மணியொலியோ இயற்கையின் விகிதப்படி ஒலிப்பது. இதே காரணத்தால் கிதாரின் அந்தர காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் மேலே நிற்கிறது. தம்புராவோடு பழகிய காதுக்கு அது சற்று உறுத்தும். ஆனால் அதற்காக ஒரு தந்தியை இறக்கி ஒரு கோவையை இனிமையாக்கினால் அடுத்த கோவை கசக்கும். அக்குறை கருவியின் பிறவிக் குணம். அதை ஏற்றுக்கொண்டு, நம் கவனக்குறைவால் வரும் பிசகை மட்டும் தடுப்போம்.

மேடைக்கு நான் இப்போது கைக்கொள்ளும் முறை இது. வாசிக்கும் இடத்துக்கு அரைமணி முன்னே போகிறேன். பெட்டியைத் திறந்து கருவியை அந்த இடத்துக் காற்றில் வைக்கிறேன். ஐந்து நிமிடம் எதையாவது வாசித்துத் தந்திக்குக் கைச்சூடு ஏற்றியபின் சுருதி சேர்க்கிறேன். குழல்காரர் குழலை ஊதிச் சூடேற்றியபின் அவரோடும் சுருதிப்பெட்டியோடும் ஒத்துப் பார்க்கிறேன். என் ஒலிபெருக்கியைப் பாடுபவர் காதுக்கு நேரே வைப்பதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே மூன்றாம் தந்தியை மட்டுமாவது சரிபார்க்கிறேன்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகும் நான் செய்யாமல் விட்டிருந்தது ஒன்று உண்டு. பதிவைக் கேட்டு உண்மை தெரிந்த பின்னும் மூன்று மாதம் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை. உணவு விடுதியில் எதிர்ப்படும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுவேன். இடையில் தமிழ்ப் புத்தாண்டு விழா வந்தது. பாட அழைத்தார்கள். “எனக்குச் சுருதி நிற்காது” என்று சொல்லி மறுத்துவிட்டாளாம். அதைக் கேள்விப்பட்ட மாலைதான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனேன். பதிவைப் போட்டுக் காட்டினேன்; ட்யூனரையும் காட்டினேன்; தந்தி, குளிர், கணக்கு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா” என்றாள். அவ்வளவுதான். அதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை.

இந்த ஆண்டுப் பொங்கலுக்கு அவள் பாடினாள். குளிர் அதே குளிர். அனுபல்லவி முடிந்தபோது என் மூன்றாம் தந்தி சிறிது ஏறுவது எனக்கே கேட்டது. வாசிப்பதை நிறுத்திக் கையை உயர்த்தினேன். “கிதாரில் சுருதி கலைந்திருக்கிறது, அரை நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒலிவாங்கியில் சொன்னேன். சபையில் சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தந்தியைக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி, சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்தேன். பிறகு தலையசைத்தேன். அவள் பல்லவியிலிருந்து மீண்டும் எடுத்து, இரண்டு சரணத்தையும் பாடி முடித்தாள்.

நம் சங்கத்தில் கிதார் வைத்திருப்போர் இன்று ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். பாடுபவர் அதைவிட அதிகம். அடுத்தமுறை மேடையில் யாருக்கேனும் சுருதி சேரவில்லை என்று தோன்றினால், முதலில் நம் மூன்றாம் தந்தியை மீட்டிப் பார்ப்போம்.